வெயிலாச்சி டாட் இன்

ஏப்ரல் 7, திங்கள்

இன்றைக்கு எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. பேர் திருடி. பெங்களூரில் ஒரு கம்பெனி கொடுத்திருக்கிறது.

காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. புதியம்புத்தூரில் கரண்ட் போனால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிற ஊர். எங்கள் முன்கட்டில் மூன்று மிஷின். ஓவர்லாக் மிஷினில், என்னிடம் தைக்க வருகிற எஸ்தர் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து மகள் பார்கவி போன் போட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டால் ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் ரூம் மாறுகிறாள் என்று அர்த்தம்.

"எம்மா, நம்ம வெப்சைட் மேல கேஸ் போட்டுருக்காங்க."

"எவ போட்டா? சாயம் போச்சுன்னா?"

"சாயம் இல்லம்மா, பேரு. வெயிலாச்சிங்கிறது அவங்க டிரேட்மார்க்காம். வெயிலாச்சி டாட் இன்ன அவங்களுக்கு எழுதிக் குடுக்கணுமாம். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லலன்னா அவங்க சொன்னதே சரின்னு ஆயிரும்."

கொரோனா சமயத்தில் கடைக்காரர்கள் சரக்கு எடுக்காமல் வீடு முழுக்க நைட்டி மூட்டையாகக் கிடந்தபோது பார்கவிதான் அந்த வெப்சைட்டைப் போட்டாள். பாக்கெட் வைத்த காட்டன் நைட்டி. பொம்பளைக்குப் பாக்கெட் வேண்டும் என்பது இந்த உலகத்தில் எவனுக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. இப்போது அதுதான் எங்கள் சோறு. வெப்சைட் போனால் ஆர்டர் போகும்.

அந்தக் கம்பெனிக்கு வெயிலாச்சி லைஃப்ஸ்டைல் என்று பேர். பார்கவி அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சாப்பிட்டு ஒரு வாரம் ஆன மாதிரி நாலு பெண்கள், பூசாத சுவரில் சாய்ந்துகொண்டு, கசங்கின துணியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அயர்ன் பண்ணாமல் போட்டோ எடுக்க எப்படித்தான் மனசு வந்ததோ.

புகாரை பார்கவி தமிழில் சொன்னாள். "எதிர்த்தரப்பின் பெயர் புஷ்பம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் புஷ்பம். வெயிலாச்சி என்ற பெயருக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கள் புகழில் குளிர்காயவே கெட்ட எண்ணத்துடன் பதிவு செய்திருக்கிறார்."

சம்பந்தம் இல்லையாம்.

"சவத்த விடு. குடுத்துத் தொலைப்போம். வேற பேர்ல வச்சுக்கிடலாம்" என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். ஒரு பேரில் என்ன வந்துவிடப் போகிறது? அப்புறம் கரண்ட் வந்தது, தைத்தேன். சாயங்காலம் எஸ்தர் தைத்த நைட்டி ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "புஷ்பாக்கா, பாக்கெட்டோட வாய கீழ வச்சுத் தச்சிருக்கீய. இதுல போன வச்சா நேரா கால்லதான் விழும்" என்றாள். அந்தக் கட்டு முழுவதும் அப்படித்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாக்கெட் பிரித்தேன். வேறு விசேஷம் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

தூத்துக்குடிக்குப் போய் வக்கீல் ஜெபராணியைப் பார்த்தேன். பார்கவியோடு படித்த பெண்ணின் அக்கா. மேசை மேல் ஃபேன், ஃபேனுக்குக் கீழே பறக்கிற பேப்பர், பேப்பர் மேல் பேப்பர்வெயிட்டாக ஒரு மாதுளம்பழம். கெட்டிக்காரி என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அக்கா, அவங்க மூணு விசயத்த நிரூபிக்கணும். ஒண்ணு, ஒங்க வெப்சைட் பேரும் அவங்க பேரும் ஒண்ணு. அது எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான், போச்சு. ரெண்டு, ஒங்களுக்கு அந்தப் பேருல உரிமை இல்ல. மூணு, கெட்ட எண்ணத்தோட வாங்கினீங்க. ரெண்டையும் மூணையும் ஒடைச்சா ஜெயிச்சிரலாம். சொல்லுங்க, ஒங்களுக்கும் வெயிலாச்சிக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான் எம் பேரு" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. புதுத்துணி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கின மாதிரி.

எங்கய்யா எனக்கு வைத்த பேர் வெயிலாச்சி. கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தால், மாமியார் பேரும் வெயிலாச்சி. எங்கள் பக்கம் இது நடக்கிற விஷயம்தான். மருமகளை எப்படி அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? "வெயிலாச்சி, சட்டி தேச்சியா?" என்று கேட்டால் மாமியாரைக் கேட்ட மாதிரி ஆகிவிடும். "வெயிலாச்சி, நீ வெளங்குவியா?" என்று வைதால் அதைவிட மோசம். மருமகளை வையாமல் குடும்பம் நடத்த முடியுமா? அதனால் தாலி கட்டின மறுநாளே மாமனார் எனக்குப் புஷ்பம் என்று பேர் வைத்தார். பந்தியில் எல்லாரும் கைதட்டினார்கள். ரேஷன் கார்டில் புஷ்பம், அதைப் பார்த்து ஆதாரில் புஷ்பம். எட்டாம் வகுப்பு சர்டிபிகேட்டில் மட்டும் வெயிலாச்சி இருந்தாள். அது ஊரையே மூழ்கடித்த அந்த டிசம்பர் வெள்ளத்தில் போனது. பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, பரீட்சை, லீவு எல்லாம் முடிந்து ஜூனில் வாருங்கள் என்றார்கள்.

"சரி. அப்போ அந்தப் பேர் சொல்லி ஒங்களக் கூப்பிடுறவங்க ஒரு நாலு பேரக் கூட்டிட்டு வாங்க" என்றாள் ஜெபராணி. "பரவலா அந்தப் பேர்ல அறியப்பட்டவங்கன்னா போதும்."

நாலு பேர்தானே என்று நினைத்தேன்.

அடுத்தது கெட்ட எண்ணம். தை மாதம் நிகாரிகா என்று ஒரு பெண் அந்தக் கம்பெனியிலிருந்து பேசினாள். "ஆன்ட்டி, இந்த டொமைன எங்களுக்குக் குடுக்க என்ன எக்ஸ்பெக்ட் பண்றீங்க?" என்று தேன் ஒழுகக் கேட்டாள். நான், "ஒங்க கம்பெனில பாதிய எழுதி வைங்க, தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊரில் கேட்டு வந்தவர்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மாட்டோம். அவர்களால் கொடுக்க முடியாத ஒன்றைத் திருப்பிக் கேட்போம். பார்கவியைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் என் வீட்டுக்காரர், "மாப்பிள்ள எங்க வீட்டோட வந்து இருந்துக்கிடட்டும்" என்றார். அவர்களும் சிரித்து, காபி குடித்து, பூவை இங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஜில்லா முழுக்க இதற்கு இல்லை என்றுதான் அர்த்தம். பெங்களூரில் அது வேறு மாதிரி. புகாரில் எழுதியிருக்கிறார்கள்: "எதிர்த்தரப்பு எங்கள் நிறுவனத்தில் ஐம்பது சதவீதப் பங்கைக் கோரினார்."

ஜெபராணி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் சாத்தான்குளத்துக்காரி, எனக்குப் புரியுது. இந்தக் கேஸ விசாரிக்க டெல்லில ஒக்காந்திருக்க நடுவருக்கு இத எந்தப் பாஷையில எழுத?"

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்துவிட்டு ஓட்டப்பிடாரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன், சாட்சி பிடிக்க.

"அண்ணே, எம் பேரு என்ன?"

"என்ன பாப்பா, வெயிலு தலைக்கு ஏறிட்டா?"

"சொல்லுங்க."

"வெயிலாச்சி."

"எத்தன தடவ அப்படிக் கூப்பிட்டுருக்கீங்க?"

அண்ணன் யோசித்தார். பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அது அய்யாவப் பெத்தவ பேருல்லா பாப்பா. பெரியவுக பேரச் சொல்லி எப்படிக் கூப்பிட? பாப்பான்னுதான் கூப்பிட்டோம்."

அங்கேயும் இல்லை. எங்கள் ஆச்சியின் பேரை எனக்கு வைத்தார்கள், ஆச்சியின் பேர் என்பதால் கூப்பிடவில்லை. மாமியார் பேராக இருந்தது, மாமியார் பேர் என்பதால் கூப்பிடவில்லை. நல்ல பேர் வைத்தார்கள். அலமாரியில் வைக்கிற வெள்ளித் தட்டு மாதிரி. ஐம்பத்து மூன்று வயதுப் பாப்பா நான். அண்ணி என்னை நாத்தனாரே என்பாள். அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை. தெருவுக்கு டெய்லரக்கா. எஸ்தருக்குப் புஷ்பாக்கா. என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவது "ஏளா". அதையும் தண்ணி வேண்டும்போதுதான் சொல்வார்.

அந்தப் பேரை வாய்விட்டுக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்த டீச்சர்கள்தான். நான் "உள்ளேன் டீச்சர்" என்பேன். அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தேன். யாரும் இல்லை.

அப்படியானால் கம்பெனி சொன்னது சரிதானா? எனக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லையா? பஸ்ஸில் இதை நினைத்ததும் ஆத்திரமாக வந்தது. கண்டக்டர் மீதிச் சில்லறை தர லேட்டாக்கினதற்கு அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம்.

ஏப்ரல் 17, வியாழன்

பொன்னுத்தாய் மதினி வந்தாள். இவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி புஷ்பம், எங்கம்மா பேரச் சொல்லியா நைட்டி விக்க? ஊரே சொல்லுது, எனக்குத்தான் தெரியல."

"எம் பேரு மதினி அது."

"ஒம் பேரா? ஒனக்கு நாங்க வச்ச பேரு புஷ்பம். எங்கம்மா நைட்டியக் கண்டா மூஞ்சியத் திருப்புவா. தலகாணி உறை நடந்து வருதுன்னு சொன்னவ. அவ பேர நைட்டியில கொண்டு போயி ஒட்டிருக்க. அவ ஆத்மா எப்படிட்டி சாந்தியடையும்?"

"எங்கய்யா எனக்கு வச்சது."

"அத அங்கனயே வச்சிட்டு வந்திருக்கணும்."

உள்ளே இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அவர் எடுத்த முடிவு அது.

மதினிக்குச் சர்க்கரை போடாமல் காபி கொடுத்தேன். அவளுக்குச் சுகர். கோபத்தில் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு குடிக்காமல் போனாள். பெங்களூரிலிருந்து ஒரு நோட்டீஸ், இரண்டு தெரு தள்ளி ஒரு நோட்டீஸ். பெங்களூர் நோட்டீஸுக்காவது பதில் எழுத வக்கீல் இருக்கிறாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

குடுத்துத் தொலைப்போம் என்று சொன்னவள் நான்தானா என்று பார்கவி கேட்டாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொன்னேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெங்களூர்க்காரர்கள் மதினியைப் பிடித்துவிட்டார்கள். எப்படித் தேடினார்களோ. நிகாரிகாவே நேரில் வந்து, மதினிக்கு ஒரு சேலை கொடுத்து, "உங்க அம்மாதான் எங்க பிராண்டோட ஆத்மா" என்று காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறாள். புதுக் கடை திறப்பு விழாவுக்கு பிளேனில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். பதிலுக்கு மதினி ஒரு கையெழுத்தும் ஒரு போட்டோவும் கொடுத்திருக்கிறாள். கையெழுத்து, என்னை யாரும் வெயிலாச்சி என்று கூப்பிட்டதே இல்லை என்பதற்கு. பொய் இல்லை, உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

போட்டோ அந்தக் கம்பெனியின் வெப்சைட்டில் 'எங்கள் கதை' என்ற பக்கத்தில் வந்துவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. அதையும் ஸ்டைல் என்று நினைத்துப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பார்கவி போனிலேயே வாசித்துக் காட்டினாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தென் தமிழகத்தின் தேரிக்காட்டில் வெயிலையே நூலாக நூற்றவர் வெயிலாச்சி. மாதுளைத் தோலையும் அவுரியையும் காய்ச்சி, சூரியனின் நிறங்களைத் துணியில் இறக்கிய அந்த மௌனக் கலைஞரின் கைகளிலிருந்து எங்கள் பயணம் தொடங்கியது…"

எஸ்தர் மிஷின் மேல் தலையை வைத்துச் சிரித்தாள். மௌனக் கலைஞராம். மாமியார் மூன்றாவது தெருவில் பேசினால் இங்கே குழந்தை முழித்துக்கொள்ளும்.

உள்ளே டிவி நின்றது. இவர் வெளியே வந்தார்.

"எங்கம்மா எப்பளா சாயம் காய்ச்சினா?"

"எனக்கென்ன தெரியும், ஒங்க அக்காவக் கேளுங்க."

"எங்கம்மா தருவைக்குளத்துல இருந்து கருவாட்டுப் பெட்டியத் தலையில தூக்கிட்டு நடந்து வந்து எங்களப் படிக்க வச்சா. நெத்திலி, சாளை, வாளை. ஊசில நூல் கோக்கத் தெரியாது அவளுக்கு. மாதுளந்தோலாம்ல! கருவாடுன்னு எழுதுனா அவனுக்கு நாறுதோ?"

இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மூச்சு வாங்கியது. "அந்த வக்கீலு எங்க இருக்கா? நான் கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

எனக்காக இல்லை. கருவாட்டுக்காக. இருந்தாலும் பரவாயில்லை, கையெழுத்து கையெழுத்துதான்.

ஏப்ரல் 24, வியாழன்

நோட்டரி ஆபீஸ். ஜெபராணி எழுதியிருந்தாள்: என் தாயார் வெயிலாச்சி கருவாட்டு வியாபாரம் செய்தவர், துணிக்கும் அவருக்கும் உடுத்துவதைத் தவிரத் தொடர்பில்லை. என் மனைவியின் இயற்பெயரும் வெயிலாச்சி. என் தாயாரின் பெயர் என்பதால் எங்கள் வீட்டார் அவரைப் புஷ்பம் என்று மாற்றி அழைத்தோம்.

நோட்டரி கறாரான மனுஷன். "வாய்விட்டு வாசிங்க அண்ணாச்சி, புரிஞ்சுதான் கையெழுத்துப் போடுறீங்களான்னு நான் பாக்கணும்."

அம்மா பேர், கருவாடு வரைக்கும் கணீரென்று வாசித்தார். "என் மனைவியின் இயற்பெயரும்" என்று வந்து நின்றுவிட்டார்.

"ம், சொல்லுங்க."

"அதான் எழுதியிருக்குல்லா."

"ஒங்க வாயால சொல்லுங்க."

எழுந்து போய்த் தண்ணி குடித்தார். திரும்பி வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா பேரு எதுவோ அதான் இவ பேரும்" என்றார். அதற்குமேல் நோட்டரியே விட்டுவிட்டார்.

அடுத்து என் முறை. "கணவர் பேர் சொல்லும்மா" என்றார். நான் ஆதார் கார்டை நீட்டினேன். "வாயால" என்றார். நான் கார்டில் விரலை வைத்தேன். அவரே "தங்கமாரியப்பன்" என்று வாசித்தார். நான் தலையை ஆட்டினேன். நோட்டரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வரும்போது ஜெபராணி ஒரு குண்டைப் போட்டாள். "அக்கா, இதுல பொறந்த பேரு நிரூபணம் ஆயிரும். ஆனா வீட்ல யாரும் கூப்பிடலன்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோம். மதினி சொன்னதும் அதான். கூப்பிடுற ஒரு ஆளு வேணும்க்கா. யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன். யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், சொல்லத்தான் மனசு வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பார்கவி ஊருக்கு வந்திருந்தாள். ஆர்டர் பார்க்க என் போனை எடுத்தவள், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் ஒன்றைத் தட்டிவிட்டாள். பட்டுக்கோட்டைப் பெண் ஒருத்தி பேசினாள்.

"வெயிலாச்சி அக்கா, போன தடவ பாக்கெட் சின்னதாப் போச்சு. மாமியாருக்குத் தெரியாம போன் வைக்கப் பத்தல. இந்தத் தடவ கொஞ்சம் ஆழமா வைங்கக்கா."

பார்கவி என்னைப் பார்த்தாள். அடுத்ததைத் தட்டினாள். மஸ்கட்டில் நர்ஸ். "வெயிலாச்சி அக்கா, நைட் டியூட்டி முடிஞ்சு வந்து நீங்க தைச்சதப் போட்டாத்தான் தூக்கமே வருது." அருப்புக்கோட்டையில் சத்துணவு ஆயா. "வெயிலாச்சிம்மா, தோள்ல பிடிக்கி, நான் குண்டாயிட்டேனா நீங்க துணிய மிச்சம் புடிச்சீங்களா?" காரைக்குடியில் ஒருத்தி பார்சல் வரவில்லை என்று, "வெயிலாச்சி, ஏமாத்துக்காரியா நீ?" என்றே ஆரம்பித்திருந்தாள். பார்சல் வந்தபிறகு மன்னிப்பும் கேட்டிருந்தாள்.

"எம்மா, இவ்வளவு பேரு இருக்காங்க! ஏம்மா சொல்லல? வக்கீல் அன்னிக்கே கேட்டாங்கல்லா?"

நான் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்து அரிசியில் கல் கிடையாது.

சொல்லியிருக்கலாம். ஆனால் அது எனக்கு மட்டும் இருந்த ஒன்று. காலையில் எல்லாரும் டீ குடிக்கப் போனபிறகு மிஷினில் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாத பெண்கள் என் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்பேன். சிலதை இரண்டு தடவை கேட்பேன். சைஸ் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காக என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கேஸ் கட்டில் வைத்து, டெல்லியில் ஒரு ஆம்பளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பதா என்று இருந்தது.

இதை பார்கவியிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். எஸ்தர் எதற்கு என்று தெரியாமலே அழுதாள். அப்புறம் பார்கவி மூக்கைத் துடைத்துவிட்டு எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள். கேஸ் என்று சொன்னதும் பெண்கள் வரிந்துகட்டிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பட்டுக்கோட்டைக்காரி மட்டும் தன் மாமியார் பகுதியை வெட்டிவிடச் சொன்னாள்.

ஏப்ரல் 30, புதன்

பதில் போய்விட்டது. என் பங்குக்கு நானும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் 'மூதிகளா' என்று வந்த இடங்களை ஜெபராணி அடித்துவிட்டாள். 'அயர்ன் பண்ணத் தெரியாதவர்கள்' என்பதையும் அடித்துவிட்டாள், அது சட்டத்துக்குத் தொடர்பில்லையாம். பாதி கம்பெனி கேட்டதற்கு அவளே எழுதினாள்: "எதிர்த்தரப்பு வாழும் பகுதியில் மறுப்பை முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதையாகாது. நிறைவேற்ற இயலாத ஒன்றைக் கோருவதே மறுப்பு." படிக்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது. நான் சொன்னது என்னவோ எரிச்சலில்தான்.

மே 11, ஞாயிறு

கத்திரி வெயில். நைட்டி பறக்கிறது. சின்னப் பூப்போட்ட துணி கிடைக்கவில்லை, பெரிய பூவில் தைத்து அனுப்பினேன், யாரும் குறை சொல்லவில்லை. கோயில் கொடையில் மதினி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிளேனில் ஜன்னல் சீட் கேட்டிருக்கிறாளாம். ஊரே சொன்னது.

மே 27, செவ்வாய்

தீர்ப்பு மெயில் வந்ததா என்று பார்கவியிடம் கேட்கவில்லை. அவளாகவே இல்லை என்றாள்.

ஜூன் 19, வியாழன்

ஜெயித்துவிட்டேன்.

ஜெபராணி போனில் வாசிக்க வாசிக்க நான் கத்திரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். நடுவர் எழுதியிருக்கிறார்: ஒருவர் எந்தப் பெயரால் அறியப்படுகிறார் என்பதை அவருடைய வீடு மட்டும் தீர்மானிப்பதில்லை. அவரிடம் வாங்குகிறவர்கள் அவரை வெயிலாச்சி என்றே அறிந்திருக்கிறார்கள். 'எங்கள் கதை' என்ற பக்கம் புகார் கொடுத்த பிறகே சேர்க்கப்பட்டது, அதில் கூறப்பட்ட பெண்மணி கருவாட்டு வியாபாரி என்று மகனே உறுதி கூறியிருக்கிறார். பாதி நிறுவனத்தைக் கேட்டவர் உண்மையில் விற்க விரும்பினார் என்று நம்ப இயலவில்லை. புகார் தள்ளுபடி.

"அவரு ஊர்லயும் இப்படித்தான் இல்லன்னு சொல்லுவாங்க போல" என்றாள் ஜெபராணி.

எஸ்தர் கடைக்கு ஓடிப்போய் லட்டு வாங்கி வந்தாள். இவரிடம் சொன்னேன்.

"கருவாட்டப் பத்தி எழுதிருக்கானா?"

"எழுதிருக்காரு."

"அப்ப சரி" என்று லட்டை வாயில் போட்டுக்கொண்டார். "ஏளா, தண்ணி."

வெப்சைட் எனக்குத்தான். ஆர்டர் எனக்குத்தான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. டெல்லிக்காரர் சொல்லிவிட்டார், மஸ்கட்டில் இருப்பவள் சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் நான் இன்னும் புஷ்பம்தான். அதற்கு எந்த நடுவரிடம் போவது? இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஜெயித்த அன்றைக்குப் பேராசை.

ஜூன் 22, ஞாயிறு

கம்பெனி மாமியாரின் போட்டோவை எடுத்துவிட்டது. மௌனக் கலைஞர் போன இடத்தில் இப்போது ஒரு சூரியகாந்திப் பூ இருக்கிறது. மதினி நிகாரிகாவுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. பிளேனும் இல்லை, ஜன்னல் சீட்டும் இல்லை. சம்பந்தி வீட்டுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், பாவம்.

அந்தப் பாவம் பத்து மணிக்கு எங்கள் வாசலுக்கு வந்தது. அவசர ஆர்டர் என்று ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மதினி உள்ளே வரவில்லை. நடுத்தெருவில் நின்று, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவள் அம்மாவின் அதே தொண்டையில் கத்தினாள்.

"ஏட்டி வெயிலாச்சி! வெளிய வாட்டி! எங்கம்மா படத்த எடுக்க வச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா? வெளங்குவியா நீ, செத்த மூதி! கேக்குதாட்டி வெயிலாச்சி?"

எஸ்தர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு மிஷின் நின்றது, எதிர் வீட்டு மிஷின் நின்றது. நான் எழுந்து நடைக்கு வந்தேன். எனக்கு முன்னால் இவர் பனியனோடு பாய்ந்து வெளியே போனார்.

"ஏக்கா, வாய மூடு! நடுத்தெருவுல நின்னு அம்மா பேரச் சொல்லியா வையுத?"

மதினிக்கு இன்னும் ஆங்காரம் ஏறியது.

"அம்மாவ நான் ஏம்ல வையுதேன்? வெயிலாச்சி இந்தா நிக்காள்லா, இவளத்தான் வஞ்சேன்!"

தெரு முழுக்கக் கேட்டது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். மதினி நீட்டின விரல் நீட்டினபடியே நின்றது. என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போல, வாயைத் திறந்து மூடினாள்.

நான் படியிறங்கி அவளுக்கு நேரே போய், "சொல்லுங்க மதினி" என்றேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்னவென்று கேட்க வேண்டாமா?